பணம் கேள்வி–பதில்: இடிஎஃப் யாருடைய சொத்து?

சென்ற இதழில் இடிஎஃப் பற்றி நாலு வரி எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: பங்குகளையோ கடன்பத்திரங்களையோ தங்கத்தையோ ஒரு நிதியில் சேர்த்துவைத்து, அந்த நிதியின் யூனிட்டைப் பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்க விடுவதுதான் இடிஎஃப். 1990ல் டொரண்டோவில் பிறந்தது. 1993 ஜனவரியில் அமெரிக்காவில், அங்குள்ள 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 பட்டியலைப் பின்தொடரும் எஸ்பிடிஆர் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

இடிஎஃப் நடத்தும் நிறுவனம் திவாலானால் என் பணம் என்ன ஆகும்? என் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே!
— ஓய்வுபெற்ற வாசகர்

இந்த வாரம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். முறையாகப் பதிவான இடிஎஃப் என்றால், நடத்தும் நிறுவனம் மூழ்குவதால் மட்டும் உங்கள் பணம் மூழ்காது. நிதியை நிர்வகிப்பவர் வேறு, அதன் சொத்துகளைக் காவலில் வைத்திருப்பவர் வேறு. பங்குகளும் பத்திரங்களும் நிர்வாக நிறுவனத்தின் கணக்கில் இருப்பதில்லை. கஸ்டோடியன் என்ற காப்பாளரிடம், நிதியின் பெயரில் தனியாக இருக்கும். நிர்வாக நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. நிறுவனம் போனால் வேறொருவர் நிர்வாகத்தை எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் நிதியைக் கலைத்துப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள்.

நான் ஃபண்ட் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் மாலை வேலை என்றாலே இதுதான். எங்கள் ஏட்டில் உள்ள பங்கு எண்ணிக்கையையும் கஸ்டோடியன் அனுப்பும் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுவோம். ஒரே ஒரு பங்கு இடித்தாலும் என்ஏவி, அதாவது யூனிட்டின் சொத்து மதிப்பு, வெளியே போகாது. பெரும்பாலும் காரணம் சப்பென்று இருக்கும்: ஏதோ ஒரு நிறுவனம் போனஸ் பங்கு கொடுத்திருக்கும், ஒரு பக்கம் ஏற்றியிருப்பார்கள், மறு பக்கம் ஏறியிருக்காது. ஆனாலும் அது தீரும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்கள். இரண்டு தனித்தனி நிறுவனங்கள் இரண்டு ஏடு எழுதி, அவை தினமும் ஒத்துப்போக வேண்டும். உங்களுக்கு உள்ள பாதுகாப்பில் பெரும்பங்கு அதில்தான்.

இனி காகித விஷயம். நீங்கள் உரிமையாளர்தான், ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கும் உரிமையாளர். அமெரிக்காவில் பட்டியலான பெரும்பாலான பங்குகளும் யூனிட்களும் சட்டப்படி ஒரே பெயரில் பதிவாகியிருக்கின்றன: சீட் அண்ட் கோ. எல்லோருடைய பங்குகளையும் ஒரே இடத்தில் கணக்கு வைக்கும் மத்திய டெபாசிட்டரிக்காக இருக்கும் பினாமிப் பெயர் அது. அதன் கீழே தரகர், தரகரின் ஏட்டில் நீங்கள். பலனை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு, பதிவேட்டில் பெயர் வேறொருவருக்கு. டெபாசிட்டரியிலேயே முதலீட்டாளர் பெயரில் நேரடியாகக் கணக்கு வைத்திருக்கும் நாடுகளில் சங்கிலி கொஞ்சம் குட்டை.

ஆகவே நிர்வாக நிறுவனத்தைப் பற்றிப் படும் கவலையில் பாதியைத் தரகர் பக்கம் திருப்புங்கள். வாடிக்கையாளர் சொத்தைத் தனியாக வைக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறும் தரகர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தரகர் விழுந்து கணக்கில் பற்றாக்குறை இருந்தால், எஸ்ஐபிசி என்ற அமைப்பு ஒருவருக்கு 5 லட்சம் டாலர் வரை ஈடுகட்டும். அதில் ரொக்கத்துக்கு உச்சவரம்பு 2.5 லட்சம். சந்தை இறங்கிய நஷ்டத்துக்கு அது பொறுப்பில்லை. இன்னொன்று: மார்ஜின் கணக்கில், அதாவது தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்க உதவும் கணக்கில், இருக்கும் யூனிட்டைத் தரகர் அடகு வைக்கலாம், இரவல் கொடுக்கலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இருக்கும். கடன் வாங்கி வாங்காதவருக்கு மார்ஜின் கணக்கு எதற்கு? மூடிவிட்டுச் சாதாரணக் கணக்குக்கு மாறுங்கள்.

என் இடிஎஃப்பில் உள்ள நிறுவனங்களின் பொதுக்கூட்டத்தில் நான் ஓட்டுப் போடலாமா?
— முதல்முறை முதலீட்டாளர்

பொதுவாக இல்லை. அந்தப் பங்குகள் நிதிக்குச் சொந்தம், ஓட்டு நிதியை நிர்வகிப்பவர் கையில். டிவிடெண்ட் மட்டும் உங்களுக்கு வரும்: கையில் பணமாகவோ, நிதிக்குள்ளேயே மறுமுதலீடாகவோ. எது என்று திட்ட ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க இடிஎஃப் சேர்த்து வருகிறேன். வேண்டும்போது தங்கமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— இல்லத்தரசி வாசகி

அம்மா, நண்பர் சொல்வது பெரும்பாலான இடிஎஃப்களுக்குப் பொருந்தாது. உலகின் மிகப் பெரிய தங்க இடிஎஃப்பான ஜிஎல்டியையே எடுத்துக்கொள்வோம். 2004 நவம்பர் 18ல் நியூயார்க்கில் தொடங்கியது. அதில் தங்கம் கொடுத்து யூனிட் வாங்கவும், யூனிட் கொடுத்துத் தங்கம் எடுக்கவும் அங்கீகாரம் பெற்ற பெரிய நிறுவனங்களால்தான் முடியும். அதுவும் 1 லட்சம் யூனிட் கொண்ட கட்டுகளாக. நீங்களும் நானும் சந்தையில் விற்றுப் பணம்தான் வாங்க முடியும்.

தங்கம் இருக்கிறதா என்ற சந்தேகம் வேண்டாம். கட்டிகளின் பட்டியலையே வெளியிடுகிறார்கள்: எந்த ஆலையில் உருக்கியது, வரிசை எண் என்ன, எடை எவ்வளவு, சுத்தம் எவ்வளவு. ஒவ்வொன்றும் சுமார் 400 அவுன்ஸ் கட்டி. தணிக்கையாளர் பெட்டகத்துக்குப் போய்ச் சரிபார்க்கிறார். ஒரு முழுக் கட்டிக்குப் போதாத சில்லறை மிச்சம் மட்டும் பெட்டகம் வைத்திருக்கும் வங்கியின் பொதுக் கணக்கில் கிடக்கலாம். அந்தச் சிறு துண்டு வரைக்கும் நிதி அந்த வங்கிக்கு வெறும் கடன் கொடுத்தவர்தான். கட்டிகளுக்கோ முழு உரிமையாளர்.

யாரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. தங்கம் வட்டியும் தராது, டிவிடெண்டும் தராது. அப்படியானால் நிதியின் செலவை எதிலிருந்து எடுப்பார்கள்? தங்கத்தையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான். ஜிஎல்டி தொடங்கியபோது ஒரு யூனிட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் இருந்தது. ஆண்டுக்கு 0.40 சதவீதச் செலவு. 20 ஆண்டு கணக்குப் போட்டால் அது 0.092 அவுன்ஸ் பக்கம் வந்து நிற்கும். யாரும் திருடவில்லை, உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் உங்கள் யூனிட் எண்ணிக்கை மாறாமல் இருக்க, அதற்குப் பின்னால் உள்ள தங்கம் தேய்கிறது. சேர்ப்பதற்கென்று வாங்குபவர் செலவு விகிதத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

என் இடிஎஃப் சந்தையில் 112க்கு ஓடுகிறது. அன்றைய என்ஏவி 104 என்று காட்டுகிறது. யாரோ நடுவில் சுருட்டுகிறார்களா?
— மென்பொருள் துறை வாசகர்

சுருட்டவில்லை. ஆனால் நீங்கள் 112 கொடுத்து வாங்கினால் 104 மதிப்புள்ள பொருளைத்தான் வாங்குகிறீர்கள். உள்ளே இருக்கும் பங்குகள் ஒரு பைசா இறங்காமலே, அந்த இடைவெளி மூடினாலே உங்களுக்கு 7 சதவீதம் நஷ்டம்.

சாதாரண நாட்களில் இந்த இடைவெளி ஏன் பெரிதாவதில்லை? மேலே சொன்ன அங்கீகாரம் பெற்ற பங்கேற்பாளர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள். யூனிட் விலை என்ஏவியைத் தாண்டினால், அவர்கள் உள்ளே இருக்கும் பங்குகளைச் சந்தையில் வாங்கி நிதியிடம் கொடுத்து, புது யூனிட் வாங்கி, அதை உங்களைப் போன்றவர்களுக்கு விற்பார்கள். யூனிட் பெருகப் பெருக விலை இறங்கும். விலை என்ஏவிக்குக் கீழே போனால் இதற்கு நேர் எதிர். யாருடைய நல்லெண்ணமும் இதில் கிடையாது, லாபம்தான். அதனால்தான் நன்றாக வேலை செய்கிறது.

அந்தக் கதவு அடைபட்டால்தான் சிக்கல். நிதி புது யூனிட் வெளியிடுவதை நிறுத்திவிட்டால் வாங்க வருகிறவர்கள் இருக்கும் யூனிட்களுக்கே அடித்துக்கொள்வார்கள், விலை மேலே போகும். 2012 பிப்ரவரியில் கிரெடிட் சுவிஸ் வங்கி டிவிஐஎக்ஸ் என்ற ஏற்ற இறக்கக் குறியீட்டுப் பத்திரத்தை வெளியிடுவதை நிறுத்தியது. இது கண்டிப்பாகச் சொன்னால் இடிஎஃப் இல்லை, இடிஎன். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். ஒரு மாதத்தில் அதன் சந்தை விலை உண்மை மதிப்பைவிடக் கிட்டத்தட்ட 90 சதவீதம் மேலே நின்றது. மார்ச் மாதம் மறுபடி வெளியிடப் போகிறோம் என்ற செய்தி வந்ததையொட்டி இரண்டே நாளில் விலை பாதியானது. உச்சத்தில் வாங்கியவர் சந்தை எந்தப் பக்கம் போகும் என்று சரியாகக் கணித்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது.

ஆகவே உங்கள் 112ஐப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: இந்த நிதி இப்போது புது யூனிட் வெளியிடுகிறதா? வெளிநாட்டு முதலீட்டு வரம்பு, உள்ளே இருக்கும் சந்தைக்கு விடுமுறை, இப்படி ஏதாவது காரணம் இருக்கும். நிறுவனத்தின் அறிவிப்புப் பகுதியில் தேடுங்கள். அதுவரை வாங்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் விற்க நினைத்துக்கொண்டிருந்தால், சரி, இது நல்ல நேரம்.

இதோடு விட்டால் என்ஏவிதான் எப்போதும் உண்மை, சந்தை விலைதான் பொய் என்று நினைத்துவிடுவீர்கள். பல ஆண்டு என்ஏவி போட்டவன் என்பதால் சொல்கிறேன், அதுவும் சரியில்லை. 2015 ஜூன் 29 முதல் ஆகஸ்ட் 3 வரை ஏதென்ஸ் பங்குச் சந்தை மூடிக் கிடந்தது. உள்ளே உள்ள பங்குகளுக்குப் புது விலையே இல்லை. ஆனால் கிரேக்கப் பங்குகளைக் கொண்ட இடிஎஃப் நியூயார்க்கில் தினமும் கைமாறிக்கொண்டே இருந்தது, சந்தை மூடிய முதல் நாளே பலத்த அடி வாங்கியது. ஐந்து வாரம் கழித்து ஏதென்ஸ் திறந்தபோது குறியீடு ஒரே நாளில் 16 சதவீதம் சரிந்தது. பழைய விலையில் உறைந்து நின்ற கணக்கைவிட நியூயார்க் விலைதான் நிலைமையைச் சரியாகச் சொல்லியிருந்தது.

2020 மார்ச்சில் கடன்பத்திர இடிஎஃப்களிலும் இதே கதை. தரமான நிறுவனக் கடன்பத்திரங்கள் உள்ள இடிஎஃப்கள்கூட என்ஏவிக்கு 5 சதவீதம் வரை கீழே போயின. ஐயோ தள்ளுபடி என்று பலர் பதறினார்கள். உண்மையில் பல கடன்பத்திரங்கள் அந்த நாட்களில் கைமாறவே இல்லை. என்ஏவிக்குப் பயன்பட்டது மதிப்பீட்டு விலை. நிஜமாக விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்பதை இடிஎஃப் விலைதான் காட்டியது. பங்கு இடிஎஃப்பில் உள்ளூர்ச் சந்தை திறந்திருக்கும்போது என்ஏவியை நம்பலாம். கடன்பத்திரத்திலும், நேரம் மாறிய வெளிநாட்டுச் சந்தையிலும் அது ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான்.

ஸ்டாப்லாஸ் ஆர்டர் (விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்ற உத்தரவு) போட்டுவைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்தானே?
— அதே வாசகரின் இரண்டாவது கேள்வி

2015 ஆகஸ்ட் 24 காலை அமெரிக்காவில் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர்களைக் கேட்க வேண்டும். ஒரே எஸ் அண்ட் பி 500 பட்டியலைப் பின்தொடரும் இரண்டு பெரிய இடிஎஃப்கள். சந்தை திறந்த சில நிமிடங்களில் ஒன்று 8 சதவீதத்துக்குள் இறங்கியது, இன்னொன்று 20 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. உள்ளே இருப்பது அதே பங்குகள்! பல பங்குகளின் வர்த்தகம் நிறுத்தப்பட்டு, விலை சொல்ல வேண்டிய மார்க்கெட் மேக்கர்கள் ஒதுங்கிக்கொள்ள, விற்க வந்தவர்களுக்கு எதிரே வாங்க ஆள் இல்லை. அன்று 471 பங்குகளிலும் இடிஎஃப்களிலுமாகச் சேர்த்து 1,278 முறை வர்த்தகம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் மார்க்கெட் ஆர்டராக, அதாவது எந்த விலையானாலும் விற்கும் ஆர்டராக மாறி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டன. சற்று நேரத்தில் விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது, விற்றவருக்குத் திரும்பவில்லை.

இடிஎஃப்பில் ஸ்டாப்லாஸ் எனக்குப் பிடிக்காது. வாங்கினாலும் விற்றாலும் லிமிட் ஆர்டர், அதாவது இந்த விலைக்குத்தான் என்று வரம்பு சொல்லும் ஆர்டர், போடுங்கள், சந்தை திறந்த முதல் கால்மணி நேரத்தில் கை வைக்காதீர்கள். போடும் முன் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 99.50க்கு வாங்க ஆள், 100.50க்கு விற்க ஆள் என்றால், உள்ளே போய் உடனே வெளியே வந்தாலே 1 சதவீதம் காலி. ஆண்டுச் செலவு 0.10 சதவீதம் என்று விளம்பரம் செய்யும் நிதியில் இந்த 1 சதவீதத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

குறியீடு 1 சதவீதம் ஏறினால் 2 சதவீதம் தரும் இடிஎஃப் இருக்கிறதாம். பத்து வருடம் போட்டுவைத்தால் இரட்டிப்பு லாபம்தானே?
— கல்லூரி மாணவர்

தம்பி, அந்த இரண்டு மடங்கு ஒரு நாளைக்கு மட்டும்தான். தினமும் சாயங்காலம் கணக்கு புதிதாகத் தொடங்கும். பேப்பர் எடுத்துப் போட்டுப் பார். குறியீடு 100. முதல் நாள் 10 சதவீதம் ஏறி 110, மறுநாள் 10 சதவீதம் இறங்கி 99. நஷ்டம் 1. உன் நிதி முதல் நாள் 20 சதவீதம் ஏறி 120, மறுநாள் 20 சதவீதம் இறங்கி 96. நஷ்டம் 4. இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. இதே ஆட்டம் ஐந்து முறை நடந்தால் குறியீட்டுக்கு நஷ்டம் 5 சதவீதத்துக்கும் குறைவு, உனக்கு 18 சதவீதத்துக்கும் மேல். சந்தை ஒரே திசையில் ஓடினால் நீ நினைத்ததைவிட அதிகம் கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பத்து வருடம் ஒரே திசையில் ஓடும் சந்தையை நான் பார்த்ததில்லை.

அப்புறம், இந்த வகையில் பல இடிஎஃப் அல்ல, இடிஎன். எழுத்து ஒன்றுதான் மாறுகிறது, உரிமை அடியோடு மாறுகிறது. இடிஎன் வைத்திருப்பவருக்கு உள்ளே எந்தச் சொத்தும் கிடையாது. வெளியிட்ட வங்கி தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த வாக்கு மட்டும்தான். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது அது வெளியிட்ட இடிஎன்களை வைத்திருந்தவர்கள் அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நின்றார்கள். முதல் கேள்வி கேட்ட பெரியவர் பயந்தது இங்கேதான் பலிக்கும். 2018 பிப்ரவரி 5 அன்று, சந்தை அமைதியாக இருக்கும் என்று பந்தயம் கட்டிய எக்ஸ்ஐவி என்ற இடிஎன் ஒரே நாளில் 90 சதவீதத்துக்கும் மேல் மதிப்பை இழந்து, அந்த மாதமே மூடப்பட்டது. வங்கி ஏமாற்றியது என்று சொல்ல வழியில்லை. நீண்ட காலத்தில் இதன் எதிர்பார்ப்பு மதிப்பு பூஜ்யம் என்று அதன் ஆவணத்திலேயே அச்சிட்டிருந்தார்கள்.

2020ல் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனபோது எண்ணெய் இடிஎஃப் வாங்கினேன். அப்புறம் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியும் என் யூனிட் அந்த அளவு ஏறவில்லையே?
— வியாபாரி வாசகர்

நீங்கள் வாங்கியது எண்ணெயை அல்ல, எண்ணெய்க்கான எதிர்கால ஒப்பந்தத்தை (ஃபியூச்சர்ஸ்). ஒப்பந்தம் முடிவதற்குள் அதை விற்று அடுத்த மாதத்துக்கு மாற வேண்டும். அடுத்த மாதம் விலை அதிகமாக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் அதே பணத்துக்குக் குறைந்த எண்ணெய்தான் கிடைக்கும். 2020 ஏப்ரல் 20 அன்று மே மாத ஒப்பந்தத்தின் அன்றைய வர்த்தகம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த மாதமே யுஎஸ்ஓ என்ற பெரிய எண்ணெய் நிதி, வைத்திருக்கும் ஒப்பந்தங்களின் கலவையை மாற்றி, எட்டு யூனிட்டை ஒன்றாகச் சேர்த்தது. வாங்கும்போது இருந்த திட்டமும் விலை ஏறியபோது இருந்த திட்டமும் ஒன்றல்ல. பெயரில் எண்ணெய் என்று இருந்தாலும் உள்ளே ஃபியூச்சர்ஸ் இருந்தால், நீண்ட கால முதலீட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

500 நிறுவனங்கள் உள்ள இடிஎஃப் என்றால் ரிஸ்க் 500 இடத்தில் பரவிவிடுகிறதுதானே?
— ஆசிரியை வாசகி

எண்ணிக்கையில் 500. எடையில் பாருங்கள்: எஸ் அண்ட் பி 500ல் சமீப ஆண்டுகளில் முதல் பத்து நிறுவனங்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவற்றில் பாதிக்கு மேல் தொழில்நுட்பம். கூடவே ஒரு தொழில்நுட்ப இடிஎஃப்பும் வைத்திருந்தால் அதே பங்கை இரண்டு பெயரில் வாங்குகிறீர்கள்.

நான் வைத்திருக்கும் சிறிய இடிஎஃப்பை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. எல்லாம் போச்சா?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

போகவில்லை. ஆள் சேராத இடிஎஃப்களை மூடுவது வாடிக்கை. மின்னஞ்சலில் இரண்டு தேதி இருக்கும்: சந்தையில் கடைசியாக விற்கக்கூடிய நாள், பணம் கைக்கு வரும் நாள். கடைசி நாளுக்குள் விற்கலாம். ஆனால் அந்த நாட்களில் வாங்க ஆள் குறைவு, என்ஏவியைவிட ரொம்பக் கீழே கேட்டால் கொடுக்காதீர்கள். விற்காமல் இருந்தால் நிதி உள்ளே இருப்பதை விற்று, செலவு போக உங்கள் பங்கைக் கணக்கில் போடும். நடுவில் பணம் முடங்கிக் கிடக்கும், விற்க வழி இருக்காது. எந்த வழியில் வெளியேறினாலும் நீங்கள் விற்றதாகவே கணக்கு. லாபம் இருந்தால் வரி கட்ட வேண்டிவரும். அந்தப் பணத்தில் அடுத்து ஏதாவது கட்டணம் கட்டத் திட்டம் போட்டிருந்தால் இரண்டாவது தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.